இரண்டு தாச்சியும் ஒரு வெள்ளிக்கிழமையும்

மகன்,

நேற்று மத்தியானம் சூடான பாணோடு வாசலில் நின்றபடி மேசையைப் பார்த்து, "ஏனம்மா ரெண்டு?" என்று கேட்டாய். நாங்கள் நாலு பேரும் சிரித்தோம், ஒருவரும் பதில் சொல்லவில்லை. பின்னேரம் சம்மந்தியின் கைப்பையிலிருந்து ஃபோனை மட்டும் எடுத்து உன் கையில் தந்து வெள்ளவத்தைக்கு அனுப்பியபோது, "அப்ப பை?" என்று கேட்டாய். அதற்கும் நான் சிரித்தேன். உனக்கு எரிச்சல் வந்தது முகத்தில் தெரிந்தது. அங்கிருந்து நேரே ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டாய், நாளைக்குத்தான் வருவாய். அதுவரை என்னால் பொறுக்க முடியாது. வாட்ஸ்அப்பில் போட்டால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்புவாய். அதனால் விடிந்ததும் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். வீட்டுக் கதையை வெளியில் சொல்லிப் பழகாதவள் நான் என்று உனக்குத் தெரியும். ஆனால் இதை யார் வாசித்தாலும் எனக்குக் கூச்சமில்லை. மருமகள் வாசிக்கட்டும், அவளுடைய அம்மா வாசிக்கட்டும், கல்யாணம் செய்யப்போகிற வேறு வீட்டுப் பிள்ளைகளும் வாசிக்கட்டும். (இன்னும் மருமகள் ஆகவில்லைதான். எழுதிப் பழகுகிறேன்.)

நேற்றைய சாப்பாட்டில் என்ன தங்கியிருந்தது என்பதை நீ முழுதாக விளங்கிக்கொண்டாயோ தெரியாது. பெண் வீட்டார் கல்யாணத்துக்கு ஓம், சம்மதம் என்று சொல்லியிருந்தார்கள். பதிவுக்கு நாள் பார்த்தாயிற்று. ஆனால் அந்த ஓம் வாசலுக்கு வெளியே நின்று சொன்ன ஓம். வெள்ளவத்தைச் சைவக் குடும்பம், ஒரே மகள், கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வேதக்காரப் பெடியன். "அம்மா உங்கட வீட்டில ஒரு நேரம் சாப்பிட்டிட்டா எண்டால் எல்லாம் சரி ஆன்ட்டி, சாப்பிடாமல் எழும்பினா எண்டால் கல்யாணத்துக்கு வருவா, அதுக்குப் பிறகு வரமாட்டா" என்று மருமகள் போன கிழமை எனக்குத் தனியாகச் சொன்னாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அதை அன்று முழுக்க மறக்க முடியவில்லை. ஏனென்றால் சாப்பிடாமல் எழும்பிப் போகிற ஒரு அம்மாவை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

அதை அவள் சொல்லி இரண்டு நாளில் நான் சம்மந்திக்கு ஃபோன் எடுத்தேன். கணக்குப் படிப்பிக்கிறவர், ஆகவே ஊருக்கெல்லாம் ரீச்சர், எனக்கும் ரீச்சர். பௌர்ணமிப் போயாவும் வெள்ளியும் ஒன்றாக வருகிறது, எல்லாருக்கும் லீவு, மத்தியானம் வாருங்கோ என்றேன். "வெள்ளிக்கிழமை நாங்கள் மரக்கறி" என்றார். "நாங்களும் அண்டைக்கு மரக்கறிதான் ரீச்சர், ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றேன். ஃபோனை வைத்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நீ வந்து, "சோறு கறி எண்டு பத்துச் சட்டி வையாதேங்கோ அம்மா, சிம்பிளா ஒரு மரக்கறி ஃபிரிட்டாட்டா, பாண், சம்பல் போதும், ஹோட்டலில ஞாயிறு காலையில நான் போடுறது, எல்லாருக்கும் பிடிக்கும்" என்றாய். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. ஒரே தாச்சியில் எல்லாம் அடங்குகிற சாப்பாடு. புதுச் சொந்தத்துக்கு நடுவில் பத்துக் கிண்ணம் நிற்காமல், ஒன்றை வெட்டி எல்லாரும் எடுக்கிற சாப்பாடு.

எவ்வளவு கவனமாக இருந்தேன் என்று சொல்ல வேண்டும், அப்போதுதான் என் பிழையின் அளவு உனக்குத் தெரியும். சம்பலுக்கு மாசிக் கருவாடு போடவில்லை. மாசி இடித்த உரலைக்கூட விட்டு, தேங்காய்ப்பூவையும் செத்தல் மிளகாயையும் கையாலேயே பிசைந்தேன். பருப்புக்குப் புதுக் கரண்டி. ஃபிரிஜ்ஜில் இருந்த மீன் பெட்டியைக் காலையிலேயே கீழ்வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். பிறகு உருளைக்கிழங்கை மெல்லியதாகச் சீவி எண்ணெயில் வாட்டினேன், லீக்ஸ், கரட், போஞ்சி, கறிமிளகாய் எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுத் தண்ணீர் வற்றும்வரை நின்றேன். தண்ணீர் நின்றால் நடுவில் சொதசொதத்துவிடும் என்று நீ சொல்லியிருந்தாய். எட்டு முட்டையை உடைத்து, கொஞ்சம் பாலும் மிளகுத்தூளும் உப்பும் சேர்த்து அடித்து மேலே ஊற்றினேன். அடுப்பைச் சின்னதாக்கி மூடினேன். எங்களிடம் ஓவன் இல்லை, மூடியும் பொறுமையும்தான். அந்த எட்டு முட்டையை உடைக்கும்போது என் கை ஒரு தரமாவது தயங்கியிருக்க வேண்டாமா? தயங்கவில்லை. வெள்ளவத்தையில் பத்தொன்பது வருடம் சைவ வீட்டில் வளர்ந்தவள் நான். முட்டையும் மச்சம், அசைவம் என்று பேசப் பழகும்போதே படித்தவள்.

நீயும் மருமகளும் பாண் வாங்கப் போன நேரம் பார்த்து அவர்கள் வந்தார்கள். பேக்கரியில் அடுத்த போறணைப் பாண் வேகும்வரை நிற்க வேண்டியிருந்தது என்று பிறகு சொன்னாய். அந்தப் போறணைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும், நீங்கள் இரண்டு பேரும் நின்றிருந்தால் நடந்தது நடந்திராது. மருமகளின் அப்பா, சம்மந்தி மாமா, நேரே பல்கனிக்குப் போய்த் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளை எண்ணத் தொடங்கினார். ரீச்சர் கதிரையின் நுனியில் இருந்தார். கைப்பையை மடியில் வைத்து, அதன் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மகன், அப்படி மடியில் வைத்த ஒரு பையை நான் முன்பும் கண்டிருக்கிறேன். எங்கே என்று கீழே சொல்கிறேன். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல்தான் பாண் வரும்வரை காத்திராமல் ஃபிரிட்டாட்டாவைத் தட்டில் கவிழ்த்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். உடையாமல் விழுந்தது. மேல்பக்கம் தங்க நிறம், ஓரத்தில் லீக்ஸ் பச்சை. மாமாகூடப் பல்கனியிலிருந்து உள்ளே வந்தார்.

"வடிவா இருக்கு. கேக்கோ?" என்றார் ரீச்சர்.

உன் அப்பாவுக்கு அந்த ஒரு சொல் போதும். "கேக் இல்லை ரீச்சர், இது இத்தாலிக்காரன்ர சாமான். பேர் பிரித்தாட்டாவோ சிரித்தாட்டாவோ, மகனுக்குத்தான் தெரியும். எட்டு முட்டை. காலையில நானே மார்க்கட்டுக்குப் போய் எடுத்தது. ஒண்டொண்டாத் தண்ணியில விட்டுப் பார்த்தனான், மிதந்ததைக் கடைக்காரனிட்டயே திருப்பிக் குடுத்திட்டன்."

"முட்டையோ?"

"ஓம். முட்டையில்லாட்டி இது எப்பிடி நிக்கும்?"

"மரக்கறி எண்டுதானே இவா சொன்னவா."

"மரக்கறிதானே ரீச்சர். கரட் கிடக்கு, போஞ்சி கிடக்கு. மீனில்லை, இறைச்சியில்லை."

"அப்ப முட்டை?"

"முட்டை என்ன ஓடுதா, நீந்துதா?"

சம்மந்தி மாமாவுக்கு அடக்க முடியாமல் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. ரீச்சர் திரும்பிப் பார்க்க, அவர் மறுபடியும் பல்கனிக்குப் போய்விட்டார்.  என் காதுக்குள் அந்த ஃபோன் கதை திரும்ப ஓடியது. அவர் மரக்கறி என்றார், நான் மரக்கறி என்றேன், இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லி இரண்டு வேறு சாப்பாட்டை நினைத்திருக்கிறோம். உன் அப்பா வீட்டில் தவக்காலத்து வெள்ளியில் "இண்டைக்கு மரக்கறி" என்று சொல்லி முட்டைக் குழம்பு வைப்பார்கள். கல்யாணமாகி வந்த முதல் வருடம் அதைப் பார்த்து நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். முட்டை போட்டு மரக்கறியாம் என்று. எந்த வருடம் சிரிப்பதை நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியாது. சொல் என் வாய்க்குள்ளேயே இருந்து, எனக்குச் சொல்லாமல் கருத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு வாசிக்கிறவள், சொற்களைப் பற்றி மற்றவர்களுக்குக் கதை சொல்கிறவள், என் சொந்தக் குசினிச் சொல் கைமாறியதைக் கவனிக்கவில்லை.

"பரவாயில்லை," என்றார் ரீச்சர். "எங்களுக்குப் பெரிய பசியில்லை. பிள்ளையள் வரட்டும், ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வெளிக்கிடுறம்." சொல்லும்போது பையின் வாரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

இனி என் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும். நீ பிறந்து நாற்பது நாள் கழிந்து என் அம்மா இந்த வீட்டுக்கு ஒரு தரம் வந்தார். அதற்கு முன் வரவில்லை, பின்னும் வரவில்லை. எனக்கு அப்போது இருபது வயது, கோபம் தலைக்கு மேல். அம்மாவும் இதே போலக் கதிரை நுனியில்தான் இருந்தார், மடியில் பை. பைக்குள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தல். உன்னைத் தூக்கினார், முகர்ந்தார், திருப்பித் தந்தார். "சாப்பிடுறீங்களோ" என்று நான் கேட்கவில்லை. இதுவரை ஒருவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அம்மா வருகிற நேரம் தெரிந்து, வேண்டுமென்றே அன்று சூடைமீன் பொரித்தேன். புகை முன்னறை வரைக்கும் வரட்டும் என்று குசினிக் கதவைத் திறந்து வைத்தேன். அம்மா அரை மணித்தியாலத்தில் எழும்பினார். "பரவாயில்லை பிள்ளை, எனக்குப் பசியில்லை" என்றார். சாப்பிடச் சொல்லி நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார்.

ஒரு கிழமை கழித்துத் தெரிந்த ஒருவரிடம் ஒரு பார்சல் கொடுத்துவிட்டிருந்தார். உள்ளே காகிதத்தில் சுற்றிய கனத்த இரும்புத் தாச்சி. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அடுப்பில் ஏறுகிற, மச்சம் படாத தாச்சி. கடிதம் ஒன்றும் இல்லை. உன் சட்டியெல்லாம் தீட்டு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கோபத்தில் மேல்தட்டில் தள்ளி வைத்தேன். இதில் சமைத்து வை, நான் வந்து சாப்பிடுகிறேன் என்பதுதான் அந்தக் கடிதம் என்று விளங்க எனக்கு நாலு வருடம் எடுத்தது. விளங்கியபோது அம்மா இல்லை. அதற்குப் பிறகு அந்தத் தாச்சியில் ஒன்றும் சமைக்க எனக்கு மனம் வரவில்லை, துருப்பிடிக்க விடவும் மனம் வரவில்லை. வருடத்துக்கு இரண்டு தரம், வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம், இறக்கிக் கழுவி, சூடாக்கி, எண்ணெய் பூசி, புதுக் காகிதத்தில் சுற்றி வைப்பேன். உன் அப்பாவுக்கே தெரியாது. மேல்தட்டில் பழைய ஃபேன் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் ரீச்சர் "பரவாயில்லை" என்று சொல்லி முடிக்கிற நேரத்துக்குள் என் தலைக்குள் ஓடியது. இருபது வயதில் கேட்காததை நேற்றுக் கேட்டேன்.

"ரீச்சர், ஒருக்காக் குசினிக்குள்ள வாறீங்களோ? என்னில பிழை. நானும் வெள்ளவத்தைதான், எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். உங்களுக்கு என்ன சாப்பிட ஏலும் எண்டு சொல்லுங்கோ, இப்பவே செய்யிறன். எதில செய்ய ஏலும் எண்டும் நீங்களே சொல்லுங்கோ."

அவர் எழும்பி வந்தார், பை தோளில். கணக்குக் கொப்பி திருத்துகிற மாதிரி அடுப்பைப் பார்த்தார், கொழுவியிருந்த சட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "உள்ளதைச் சொல்லுங்கோ," என்றார். "இந்த வீட்டில மச்சம் படாத சட்டி ஒண்டாவது இருக்கோ?"

மகன், நான் ஸ்டூலில் ஏறினேன். மேல்தட்டில் கையை விட்டுப் பார்சலை இறக்கி அவர் முன்னால் வைத்துச் சுற்றைப் பிரித்தேன்.   பரீட்சை மண்டபத்தில் தெரிந்த கேள்வி வந்த பிள்ளை மாதிரி அவர் முகத்தைப் பார்த்தேன்.

ரீச்சர் விரலால் உள்பக்கத்தைத் தடவினார். எண்ணெய் ஒட்டியது. முகர்ந்து பார்த்தார். "இது ஆரின்ர?"

"என்ர அம்மாவின்ர."

"இதில என்ன சமைக்கிறனீங்கள்?"

"ஒண்டுமில்லை. இருபத்துநாலு வருசமா ஒண்டுமில்லை."

"அப்ப ஏன் எண்ணெய் பூசி வைச்சிருக்கிறீர்? ஆருக்கு?"

 பதிலுக்கு அவர் நிற்கவில்லை. தோளில் இருந்த பையைக் கழற்றி ஃபிரிஜ்ஜுக்கு மேல் வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். "நீங்கள்" நெருக்கமான "நீர்" ஆனதையும் பை மடியை விட்டுப் போனதையும் நான் ஒரே நேரத்தில் கண்டேன். சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

"கடலைமா கிடக்கோ?" என்றார்.

கிடந்தது. கடலைமாவைத் தயிரிலும் தண்ணீரிலும் கரைத்தார், மஞ்சள், உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா, கறிவேப்பிலை. நான் மிச்சமிருந்த லீக்ஸையும் கரட்டையும் நறுக்கினேன். "மெல்லிசா வெட்டும், இது முட்டை மாதிரிப் பொறுத்துக்கொண்டு நிக்காது" என்றார். "அப்ப முட்டையில செய்து பழக்கமோ ரீச்சர்?" என்று என் வாய் சும்மா கேட்டுவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தார். "மகள் பம்பலப்பிட்டியில உம்மட மகனோட முட்டை ரோல்ஸ் சாப்பிட்டிட்டு வந்து எனக்குப் பக்கத்தில நிண்டு மூச்சு விடுறவள். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். நீரும் சொல்லிப் போடாதையும்." எழுதிவிட்டேன் ரீச்சர், மன்னிக்க வேணும்.

அம்மாவின் தாச்சி சூடேறியபோது வந்த மணத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பழைய எண்ணெய் மணம், அவ்வளவுதான். மாவை ஊற்றியதும் ஓரம் சீறியது. ரீச்சர் மூடியைப் போட்டார். உன் அப்பா சொன்ன எட்டு முட்டையை அப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.  "ஆறு பேருக்கு எட்டோ? வகுபடாதே. மிச்சம் ரெண்டு ஆருக்கு?" என்றார். உன் அப்பா வாசல் சீலைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டிருக்கிறார். "எனக்குத்தான் ரீச்சர்" என்று அங்கிருந்து குரல் வந்தது. திருப்பும்போது அது மூன்று துண்டாக உடைந்தது. ஒட்டிக்கொண்ட துண்டை ரீச்சர் கரண்டியால் சுரண்டி, ஊதி, வாயில் போட்டார். என் வீட்டுக் குசினியில், அடுப்படியில் நின்றபடி, என் அம்மாவின் தாச்சியிலிருந்து. "உப்புக் காணாது" என்றார். நான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உப்பு எடுத்துக் கொடுத்தேன்.

அப்போதுதான் நீங்கள் பாணோடு வந்தீர்கள். மேசையில் ஒன்று முழுசாக, ஒன்று மூன்று துண்டாக. நீ "ஏனம்மா ரெண்டு?" என்று கேட்டாய். ரீச்சர் மூன்றாக உடைந்ததில் இரண்டாம் தரமும் எடுத்ததை நீ கண்டிருப்பாய். சம்மந்தி மாமா எதில் எடுப்பது என்று தெரியாமல் முழுசாக இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்ததையும் கண்டிருப்பாய். வெளிக்கிடும்போது அவர் என்னிடம் மெல்லக் கேட்டது உனக்குத் தெரியாது: "அந்த மற்றதில ஒரு துண்டு கட்டித் தாங்கோ தங்கச்சி. வெள்ளி கழிய, நாளைக்குக் காலமை சாப்பிடுறன்." கட்டிக் கொடுத்தேன். இந்நேரம் சாப்பிட்டிருப்பார்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டே இரண்டு. அவள் வீட்டிலும் உன் வீட்டிலும் ஒரே தமிழைத்தான் பேசுகிறோம் என்று நம்பி இருந்துவிடாதே. மரக்கறி என்ற சொல்லிலேயே எட்டு முட்டை ஒளிந்திருந்தது என்றால், வீடு, விருப்பம், பிறகு பார்ப்போம் என்கிற சொற்களுக்குள் என்னென்ன கிடக்குமோ. தெரிந்தது போல இருந்தாலும் கேள். மற்றது, யாராவது உனக்கு ஒன்றைச் சுற்றி அனுப்பினால், கோபத்தில் மேல்தட்டில் வைக்காதே. அன்றைக்கே பிரித்து அடுப்பில் வை. அது உன்னைக் குத்துவதற்கு அனுப்பியதாகவே இருந்தாலும், சமைத்துப் பார்த்த பிறகு கோபித்துக்கொள்ளலாம்.

இனிப் பை. அவர்கள் த்ரீவீலில் ஏறிப்போய் அரை மணித்தியாலம் இருக்கும். குசினிக்குள் ஃபோன் அடித்தது. என்னுடையது இல்லை. தேடினால் ஃபிரிஜ்ஜுக்கு மேலே ரீச்சரின் பை, உள்ளே ஃபோன். எடுத்தேன். மாமாவின் ஃபோனிலிருந்து ரீச்சர்தான்.

"பை அங்கதானே?"

"ஓம் ரீச்சர், இப்பவே மகனிட்டக் குடுத்து விடுறன்."

 அந்தப் பக்கம் கடலோர ரயில் ஒன்று போவது கேட்டது.

"ஃபோனை மட்டும் குடுத்து விடும்," என்றார். "பை அங்க இருக்கட்டும். வாற வெள்ளிக்கிழமை வந்து எடுக்கிறன். அந்தத் தாச்சியைக் கழுவி அடுப்படியிலேயே வையும். இனிக் காகிதத்தில சுத்தாதையும்."

அது இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. பை ஃபிரிஜ்ஜுக்கு மேல் இருக்கிறது. நாளைக்கு வந்ததும் அதைத் தொடாதே.

அம்மா